குறி தவறிய குண்டுக்குப் பின்னால் நடந்தவர்... கென்னத் ஆண்டர்சன் கதை தெரியுமா மக்களே?

2023 மே 27, சனிக்கிழமை. நீங்க தேனி மாவட்டத்துக்காரர்னா இந்தத் தேதியைச் சொன்னதுமே ஞாபகம் வந்துடும். கம்பம் நகரத் தெருவுக்குள்ள அரிக்கொம்பன் நடந்துவந்த நாள். மாடியில நின்னு எடுத்தது, சந்து முனையில ஒளிஞ்சு எடுத்தது, ஓடிக்கிட்டே எடுத்ததுன்னு அன்னைக்குச் சுத்தின வீடியோக்கள்ல ஒண்ணாவது இன்னும் உங்க போன் கேலரியில இருக்கும்.

அந்த வீடியோவை இப்போ மறுபடி போட்டுப் பாருங்க. ஒரே ஒரு கேள்வி. எடுத்தவருக்கும் யானைக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும்? 30 மீட்டர்? 50? 100? நீங்க சொல்ற பதிலும் உங்க நண்பர் சொல்ற பதிலும் ஒத்துப்போகாது. ஜூம் பண்ணி எடுத்திருந்தா இன்னும் மோசம். நம்ம கண் தூரத்தை அளக்கிறதுல அவ்வளவு கெட்டிக்காரக் கண் இல்லை. மேகமலை மேல நின்னு கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கிறவங்க, கீழே தெரியுற ஊரை கையெட்டுற தூரம்னு நினைக்கிறதும் இதனாலதான். 18 கொண்டை ஊசி வளைவு இறங்கினாத்தான் உண்மை தெரியும்.

இந்தத் தூரக் கணக்கில்தான் தன் வாழ்நாள் முழுக்கத் தன் உயிரைப் பணயம் வைத்தார் ஒரு மனிதர். பெயர் கென்னத் ஆண்டர்சன். ஜிம் கார்பெட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உத்தரகாண்ட் மலைகளுக்குக் கார்பெட் எப்படியோ, நம்ம தென்னிந்தியக் காடுகளுக்கு ஆண்டர்சன் அப்படி. அவருடைய பெரும்பாலான கதைகள் நடந்தது தேனிக்கு வடக்கே, ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில். ஆனா அவர் கதையைப் படிச்சுட்டு அரிக்கொம்பன் வீடியோவைப் பார்த்தீங்கன்னா, அது வேற மாதிரி தெரியும்.

முதல்ல அந்தக் கருவி

ஆண்டர்சனிடம் இல்லாத ஒரு பொருளைப் பற்றி முதலில் சொல்லிடுறேன். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர். உள்ளங்கையில் அடங்குகிற ஒற்றைக் கண் பைனாகுலர் மாதிரி இருக்கும். பார்த்து, பட்டனை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு லேசர் துடிப்பு கிளம்பிப் போய், எதிரே உள்ள மரத்திலோ பாறையிலோ பட்டுத் திரும்பும். போய் வந்த நேரத்தை வைத்து தூரத்தைச் சொல்லிவிடும். 300 மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகிற நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் வெறும் இரண்டு பங்கு. அதை ஒரு சின்ன சிப் எண்ணுகிறது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் வாங்குகிற சாதனமும் இதேதான்.

இதில் பாலிஸ்டிக் என்கிற வகை இன்னும் ஒரு படி மேலே. துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போகாது, போகப்போகக் கீழே இறங்கும். மேட்டில் நின்று பள்ளத்தைக் குறிபார்த்தால் கணக்கு இன்னும் குழம்பும். 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் தள்ளி ஓர் இலக்கு இருந்தால், குண்டை ஈர்ப்புவிசை இழுக்கிற கணக்குக்குச் சுமார் 260 மீட்டர் கிடைமட்ட தூரம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முழு 300-க்குக் கணக்குப் போட்டால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். இந்தக் கருவி சரிவைத் தானே அளந்து, குண்டின் வேகத்தையும் எடையையும் நாம் முன்பே பதிந்து வைத்திருந்தால், எவ்வளவு மேலே குறிவைக்கணும் என்று சொல்லிவிடும். வெளிநாடுகளில் உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவர்களும், தொலைதூர இலக்குப் போட்டிக்காரர்களும் இதைத்தான் நம்புகிறார்கள்.

ஆனா ஒண்ணை மட்டும் இந்தக் கருவியால் சொல்ல முடியாது. குண்டு போய்ச் சேர்வதற்குள் அந்த விலங்கு என்ன செய்யும்? 500 மீட்டர் போக ஒரு நவீன ரைபிள் குண்டுக்கு ஏறக்குறைய முக்கால் நொடி ஆகும். அதற்குள் சும்மா நடந்துகொண்டிருக்கிற ஒரு மான்கூட ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். இதயத்தைப் பார்த்துச் சுட்டது வயிற்றில் படும். அந்த விலங்கு சாகாது. ஓடிவிடும். அப்படி ஓடிப்போன விலங்குகளுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்பதுதான் ஆண்டர்சனின் கதை.

தந்தி ஆபீஸில் இருந்து காட்டுக்கு

1910 மார்ச் 8-ம் தேதி, செகந்திராபாத்தை ஒட்டிய பொல்லாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சம், ஆனால் ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே வாழ்ந்த குடும்பம். அப்பாவுக்கு ராணுவச் சம்பளக் கணக்குப் பார்க்கிற வேலை. பையன் வளர்ந்தது, படித்தது எல்லாம் பெங்களூரில். பிஷப் காட்டன் பள்ளி, பிறகு செயின்ட் ஜோசப் கல்லூரி. சட்டம் படிக்கட்டும் என்று எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். படிப்பைப் பாதியில் விட்டுட்டுத் திரும்பி வந்துட்டார். இன்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டுட்டு வந்து வீட்டில் திட்டு வாங்கிய உங்க நண்பர் யாராவது ஞாபகத்துக்கு வந்தா அது தற்செயல்தான்.

தபால் தந்தித் துறையில் 15 வருடம் வேலை. அதன்பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவின் மேலாளர். அதாவது, நாம நினைக்கிற மாதிரி முழுநேர வேட்டைக்காரர் கிடையாது. மனைவி, மகள், மகன் என்று குடும்பம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற சம்பளக்காரர். லீவு முடிந்தால், புலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பிப் போய் ஆபீஸில் உட்கார வேண்டும். அவர் கதைகளில் இந்த அவசரம் அடிக்கடி எட்டிப்பார்க்கும். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழும் கன்னடமும் பேசினார். காட்டு மக்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். முத்தூர் பக்கத்துக் காட்டில் வாழ்ந்த பைரா என்கிற பழங்குடி மனிதர்தான் அவருக்கு ஆசான். எந்தக் கால்தடம் எப்போது பதிந்தது, கடமான் ஏன் அந்தத் திசையைப் பார்த்துக் கத்துகிறது, மந்தி எப்போது பயந்து கூவும், எப்போது சும்மா கூவும் என்பதையெல்லாம் பைரா மாதிரி ஆட்களிடம்தான் கற்றார். அவருடைய ரேஞ்ச்ஃபைண்டர் அதுதான், பாருங்க. இருட்டில் ஒரு கேளையாடு குரைக்கிறது. சற்று நேரம் கழித்து இன்னும் கிட்டத்தில் ஒரு கடமான். புலி எந்த வழியா வருது, எவ்வளவு பக்கத்துல வந்துடுச்சு என்று அவர் காதே அளந்து சொல்லிவிடும்.

1939-க்கும் 1966-க்கும் இடையே, அரசுப் பதிவுகளின்படி ஆட்கொல்லிச் சிறுத்தைகள் 8, ஆட்கொல்லிப் புலிகள் 7 அவரால் சுடப்பட்டன. போக்கிரி என்று அரசு அறிவித்த யானைகளும் உண்டு.

டார்ச் வெளிச்சம் எட்டுகிற தூரம்

அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல் ரைபிள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட், பதவி முடிந்து 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது எடுத்துப்போன அதே ரகம். குண்டு கனமானது, ஆனால் இன்றைய கணக்கில் மெதுவானது. 300 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிடும். தொலைதூரத்துக்கு ஆகாத துப்பாக்கி. அதைப் பற்றி ஆண்டர்சன் கவலைப்படவே இல்லை. ஏன்னா அவர் சுட்ட தூரம் அப்படி.

ஆட்கொல்லி அடித்துப் போட்ட இரைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் பரண் கட்டி உட்காருவார். சில நேரம் பரண்கூட இல்லை, தரையிலேயே. ஃப்ளாஸ்கில் டீ, கொஞ்சம் பிஸ்கட், ரைபிளின் குழலோடு சேர்த்து மாட்டிய டார்ச். கொசு கடித்தாலும் தட்டக்கூடாது. இருமக்கூடாது. விடிய விடிய அப்படியே இருக்கணும். ரீல்ஸ் ஒண்ணு 30 நொடியைத் தாண்டினாலே தள்ளிவிடுகிற நமக்கு இது நினைத்துப் பார்க்கவே கஷ்டம்.

விலங்கு வந்ததும் டார்ச்சைப் போடுவார். வெளிச்சம் எட்டுகிற தூரம்தான் சுடுகிற தூரம். 20 மீட்டரில் அந்தக் குண்டு கீழே இறங்குவது அரை சென்டிமீட்டர்கூட இல்லை. கணக்கே தேவைப்படாத தூரம். ஆனால் அந்தத் தூரத்தில் குறி தவறினால், அடுத்த நொடி புலி உங்கள் மேல் இருக்கும். தூரத்தை அளக்கிற சிரமத்தை மிச்சம் பிடிக்க, அவர் தன் உயிரையே பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். காயத்தோடு தப்பினால் மறுநாள் ரத்தத் துளிகளைப் பின்பற்றிப் புதருக்குள் நடந்தே போவார். காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போவது அவருக்குத் தெரியாத காரியம். விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு நல்லாவே தெரியும்.

ஜவளகிரியின் பெண்புலி

அவர் கதைகளில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது ஜவளகிரிப் புலியின் கதைதான். இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளியை ஒட்டி இருக்கிறது ஜவளகிரி.

அந்தக் காட்டில் ஒரு ஜோடிப் புலிகள். ஆண் சுடப்பட்டு இறந்துபோகிறது. பெண்புலி இரவெல்லாம் உறுமிக்கொண்டே துணையைத் தேடி அலைகிறது. அந்தப் பக்கம் போகவே ஜனங்கள் பயப்படுகிறார்கள். அதைச் சுடப் போனவரின் குண்டு சரியான இடத்தில் படவில்லை. காயத்தோடு தப்பிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அது மனிதர்களைக் கொல்ல ஆரம்பிக்கிறது. ஆடு மேய்க்கப் போனவர், விறகு பொறுக்கப் போனவர் என்று அந்தக் குண்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் செத்தார்கள்.

ஆண்டர்சன் அதைப் பிடிக்க எத்தனையோ முயற்சி செய்து தோற்றார். கடைசியில் அவர் செய்தது ஒரு தந்திரம். இணை தேடி அது குரல் கொடுத்த நேரத்தில், ஆண்புலியின் குரலைத் தன் தொண்டையாலேயே எழுப்பிப் பதில் சொன்னார். துணை திரும்பி வந்துவிட்டது என்று நம்பி அது அவரை நோக்கி வந்தது. சுட்டார். விழுந்தது.

கிராமங்கள் நிம்மதியாத் தூங்கின. ஆனால் அந்த வெற்றியை அவர் கொண்டாடி எழுதவில்லை. துணையைத் தேடிவந்த ஓர் உயிரை ஏமாற்றிக் கொன்ற வருத்தத்தோடுதான் அந்தக் கதையை முடித்தார். புலித்தோலின் மேல் ஷூ காலை வைத்து போட்டோ எடுத்துக்கொள்வது பெருமையாக இருந்த காலம் அது என்பதையும் சேர்த்து யோசிங்க.

அவர் எழுதியதைத் தொடர்ந்து படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். புலியோ சிறுத்தையோ பிறவியிலேயே ஆட்கொல்லி இல்லை. முள்ளம்பன்றியின் முள் காலில் ஏறி ஊனமானது, கிழடு தட்டியது என்று காரணங்கள் பல. ஆனா அடிக்கடி வருகிற காரணம், யாரோ ஒருவர் சுட்டு, சரியாகப் படாமல், பின்தொடர்ந்து போகத் தைரியமும் இல்லாமல் விட்டுவிட்ட குண்டு. மானைத் துரத்திப் பிடிக்க முடியாத காலோடு அந்த விலங்கு, எளிதில் பிடிபடுகிற இரையைத் தேடி ஊருக்குள் வரும். ஊரே செத்துச் சுண்ணாம்பான பிறகு, ஆண்டர்சனுக்குத் தந்தி போகும். இன்னொருவர் சுட்ட குண்டின் மிச்சத்தைச் சுமந்து திரிந்த வாழ்க்கை அது.

கம்பத்துக்கு வந்தவனும் பென்னாகரத்தில் விழுந்தவனும்

யானை விஷயத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1873-லேயே காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. நினைத்தபடி சுட முடியாது. ஒரு யானை மனிதர்களைக் கொன்றால், அதன் உயரம், தந்தம், அடையாளம் எல்லாவற்றையும் எழுதி, இது போக்கிரி யானை என்று அரசு அறிவிக்கும். அதற்குப் பிறகே உரிமம் உள்ள வேட்டைக்காரர் சுடலாம். பென்னாகரம் பக்கம் பனப்பட்டியை நடுங்கவைத்த யானை அப்படித்தான் ஆண்டர்சனின் கையால் விழுந்தது. 1954-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம் 'நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்'. தலைப்பில் வருகிற அந்த ஒற்றைப் போக்கிரி இதுதான்.

யானை ஏன் போக்கிரி ஆகிறது என்றும் அவர் யோசித்தார். பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்துகிறார்கள். அந்தக் காயம் சீழ் பிடித்து வலிக்க வலிக்க, மனித வாடையைக் கண்டாலே அதற்குக் கோபம் ஏறுகிறது.

இப்போ அரிக்கொம்பன். அரி என்றால் அரிசி. சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்து அரிசி தின்று பேர் வாங்கியவன். 2023 ஏப்ரல் 29-ல் கேரள வனத்துறை அவனை மயக்கிப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. அங்கிருந்து மேகமலைக்கு வந்தான். பிறகு கம்பம் தெருவுக்கு. ஊரடங்கு மாதிரி 144 தடை உத்தரவு போட்டார்கள். அன்றைக்கு அவனிடம் அடிபட்ட ஒருவர் பிறகு இறந்தும் போனார். 70 வருடத்துக்கு முன்னால் என்றால், போக்கிரி அறிவிப்பு வந்து, பெங்களூருக்குத் தந்தி போயிருக்கும்.

நடந்தது வேறு. ஜூன் 5 அதிகாலை, சின்ன ஓவுலாபுரம் பக்கத்தில், மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கும்கிகளின் துணையோடு லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஆண்டர்சனை நான் ரொம்ப நினைத்துக்கொண்டது அந்த ராத்திரிதான். மயக்க ஊசித் துப்பாக்கியின் ஊசி, குண்டு மாதிரி வேகமாகப் போகாது. கனமானது, மெதுவானது, காற்றடித்தால் விலகும். பெரும்பாலும் 50 மீட்டருக்குள் போய்த்தான் சுட வேண்டும். ஏறக்குறைய ஆண்டர்சனின் தூரம்! அதே இருட்டு, அதே டார்ச், அதே காத்திருப்பு. ஆனால் இங்கே தூரக் கணக்கு பிசகினால் இருபக்கமும் ஆபத்து. தூரத்துக்கு ஏற்ப வாயு அழுத்தத்தை மாற்ற வேண்டும். குறைந்தால் ஊசி போய்ச் சேராது. கூடினால் தோலைக் கிழித்து உள்ளே காயப்படுத்திவிடும். இந்த வேலைக்குத்தான் உலகம் முழுக்க வனவிலங்கு மருத்துவர்கள் லேசர் ரேஞ்ச்ஃபைண்டரைக் கையில் வைத்திருக்கிறார்கள். கொல்லாமல் இருப்பதற்குக் கொல்வதைவிடத் துல்லியம் அதிகம் வேண்டியிருக்கு.

துப்பாக்கி இல்லாமல் போன நாட்கள்

வயது ஏற ஏற ஆண்டர்சன் ரைபிளை எடுப்பது குறைந்தது. ஆயுதமே இல்லாமல் தனியாகக் காட்டுக்குள் போய், சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். 'தி பிளாக் பேந்தர் ஆஃப் சிவனிப்பள்ளி' 1959-ல் வந்தது. 'தி டைகர் ரோர்ஸ்' 1967-ல். முதல் புத்தகங்களில் புலிகள் நிறைய, பிற்காலப் புத்தகங்களில் புலிகள் எங்கே போச்சு என்கிற ஏக்கம் நிறைய. விஷம் வைப்பவர்களையும், ஜீப்பில் விளக்குப் போட்டுச் சுடுபவர்களையும் திட்டித் தீர்த்திருப்பார். நடுவில் 1969-ல் ஒரு நாவல்கூட எழுதிப் பார்த்தார். அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை, நாமும் விட்டுடலாம்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம். 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி, புற்றுநோயால் பெங்களூரில் இறந்தார் ஆண்டர்சன். வயது 64. 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' என்ற அவருடைய புத்தகம் 1976-ல், அவர் இல்லாத பிறகு வந்தது. அப்பாவைப் போலவே காட்டோடு வாழ்ந்த மகன் டொனால்ட் 2014-ல் காலமானார்.

இன்றைக்கு அந்தச் சட்டப்படி புலி, யானை போன்ற முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 வருடம் வரை சிறை. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட ஒரு விலங்கைச் சுட வேண்டுமென்றாலும், அதைப் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் காரணம் காட்டி உத்தரவிட வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரை ஆன்லைனில் வாங்கிடலாம். அதோடு துப்பாக்கியும் சேர்த்து எடுத்துக்கொண்டு மலையேறினால் கம்பிதான். ஒலிம்பிக் மாதிரி துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் இருந்தால், அங்கே 10 மீட்டர், 50 மீட்டர் என்று தூரம் முன்பே நிர்ணயித்தது. இந்தக் கருவிக்கு வேலையே இல்லை.

ஆனால் உங்க ஊர் மலையில் இந்தக் கருவிக்கு வேலை இருக்கு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் 51-வது புலிகள் காப்பகம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் புலிகள் கணக்கெடுப்பில், புலியின் இரையான மான், மாடுகளையும் எண்ணுவார்கள். காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதை போட்டு, விடிகாலையில் இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் நடப்பார்கள். ஒரு கடமானைப் பார்த்தால் நிற்பார்கள். ஒருவர் திசைகாட்டியில் கோணம் பார்ப்பார். இன்னொருவர் ரேஞ்ச்ஃபைண்டரைக் கண்ணில் வைத்து, மானின் உடம்பைக் குறிபார்த்து, பட்டனை அழுத்துவார். 46 மீட்டர், கடமான், பெண், ஒன்று என்று நோட்டில் எழுதுவார்கள். மான் ஒருமுறை காதை அசைத்துவிட்டு மறுபடி புல்லை மேயும். இவர்கள் அடுத்த மரத்தை நோக்கி நடப்பார்கள்.